ஐ.சி.யூ.வில் தாங்கி நிற்க என்ன வேண்டும்

ஒவ்வொரு வருடமும் மே 12 அன்று மருத்துவமனைகளில் செவிலியர் தின விழா நடக்கும். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி உறுதிமொழி எடுப்போம். சில வருடங்களாக இதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. வெளியிலிருந்து ஒருவரை அழைத்து மனவுறுதி பற்றி ஒரு மணி நேரம் பேச வைக்கிறார்கள். மூச்சுப் பயிற்சி, யோகா, நல்லதையே நினைப்பது. பேச வருகிறவர்கள் அக்கறையோடுதான் பேசுகிறார்கள், சொல்வதில் தப்பும் இல்லை. ஆனால் நைட் டூட்டி முடித்து, வீட்டுக்குப் போகாமல், கண் எரிச்சலோடு அந்த ஹாலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. அந்த ஒரு மணி நேரம் அவர்கள் தூங்கியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

ஐ.சி.யூ. என்கிற தீவிர சிகிச்சைப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து இப்போது இன்சார்ஜாக இருக்கிறேன். டூட்டி லிஸ்ட் போடுவது என் பொறுப்பு. இந்த வேலையில் நொறுங்கிப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன், எத்தனையோ சாவுகளுக்குப் பிறகும் அன்பு குறையாமல் நிற்பவர்களையும் பார்த்திருக்கிறேன். இவர்கள் பிறவியிலேயே பலசாலிகள், அவர்கள் பலவீனமானவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு அவளிடம் எத்தனை நோயாளிகள் இருந்தார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள், ஒரு சாவுக்குப் பிறகு யாராவது அவளை உட்கார வைத்துப் பேசினார்களா, பிழைத்துப் போனவரை அவள் திரும்பப் பார்த்தாளா. ஒரு பெண் தாங்குவதும் தாங்காததும் பெரும்பாலும் இவற்றில்தான் முடிவாகிறது. இவை எல்லாமே நிர்வாகம் கையிலும் என்னைப் போன்ற இன்சார்ஜ் கையிலும் இருக்கிற விஷயங்கள்.

ஐ.சி.யூ. பிறந்த கதையே இதற்குச் சாட்சி. 1952-இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பயங்கரமாகப் பரவியது. மூச்சுத் தசை செயலிழந்த பிள்ளைகள் ப்ளெக்டாம் மருத்துவமனையில் வந்து குவிந்தார்கள். செயற்கை சுவாச இயந்திரங்களோ ஒரு கை எண்ணிக்கைக்குக் கொஞ்சம் மேல்தான். ப்யோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர், தொண்டையில் துளை போட்டு ட்யூப் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கியே மூச்சு கொடுக்கலாம் என்று காட்டினார். அமுக்குவது யார்? மருத்துவ மாணவர்கள் ஏறத்தாழ 1,500 பேர் முறை வைத்து, இரவும் பகலும், வாரக்கணக்கில் அமுக்கினார்கள். அதற்கு முன்னால் மூச்சுத் தசை பாதித்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். அது ஏறத்தாழ நான்கில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது. அடுத்த வருடம் அதே நகரில் இப்சன் தொடங்கிய பிரிவைத்தான் உலகின் முதல் ஐ.சி.யூ. என்கிறார்கள். இதைப் படித்தபோது என்னைத் தொட்டது அந்த முறை வைத்த ஏற்பாடுதான். கை வலித்தால் மாற்றிவிட ஆள் நின்றது. அந்த மாணவர்களிடம் யாரும் மனவுறுதியை வளர்த்துக்கொண்டு தனியாக அமுக்கு என்று சொல்லவில்லை.

வெளியில் இருப்பவர்களுக்கு ஒரு வென்டிலேட்டர் நோயாளியைப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று தெரியாது. இயந்திரம் மூச்சு விடுகிறது, சிஸ்டர் பக்கத்தில் நிற்கிறார் என்று நினைப்பார்கள். மணிக்கொரு தரம் பி.பி., நாடித்துடிப்பு, ஆக்சிஜன் அளவு, சிறுநீர் எவ்வளவு இறங்கியது என்று சார்ட்டில் ஏற வேண்டும். நெஞ்சில் சளி கரகரத்தால் உடனே குழாய் விட்டு உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைத்து முதுகைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். வாய் சுத்தம் செய்ய வேண்டும். மயக்க மருந்தில் இருப்பவருக்குக் கண் இமை சரியாக மூடாது, விழி காய்ந்துபோகாமல் மருந்து வைக்க வேண்டும். மூக்கு ட்யூபில் ஃபீட் கொடுக்க வேண்டும். பி.பி.யைத் தூக்கி நிறுத்தும் நார்அட்ரினலின் மருந்து சிரிஞ்ச் தீர்வதற்கு முன்னால் அடுத்ததைத் தயாராக வைக்க வேண்டும், மாற்றுகிற அந்த ஓரிரு நிமிடத்தில் பி.பி. சரிந்து நோயாளி கைவிட்டுப் போகலாம். ரத்த வாயுப் பரிசோதனைக்கு எடுத்து அனுப்ப வேண்டும். வெளியே கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும் மகனுக்குப் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவும் ஒரே ஒரு நோயாளிக்கு.

அதனால்தான் ஐ.சி.யூ.வில் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்று இந்திய நர்சிங் கவுன்சிலின் நியதி சொல்கிறது. விடுப்பில் போகிறவர்களுக்கு ஈடாக முப்பது சதவீதம் பேரைக் கூடுதலாக வைக்கவும் சொல்கிறது. நடப்பு என்ன என்று இதைப் படிக்கிற ஸ்டாஃபுகளுக்குத் தெரியும். ஒருத்தியிடம் மூன்று வென்டிலேட்டர் இருக்கும் இரவுகளை நம்மில் பலர் கடந்திருக்கிறோம். அமெரிக்காவில் லிண்டா எய்கன் குழு பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. அறுவை சிகிச்சை வார்டுகளைப் பற்றியது அது. ஒரு செவிலியருக்கு ஒரே ஒரு நோயாளி கூடினால்கூட, முப்பது நாளைக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும், செவிலியர் மனதளவில் எரிந்து போகும் வாய்ப்பு 23 சதவீதமும் கூடுகிறது என்று கண்டார்கள். வார்டிலேயே அப்படி என்றால் ஐ.சி.யூ.வைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. மனவுறுதிப் பயிற்சிக்குப் பணம் ஒதுக்கும் எந்த நிர்வாகத்திடமும் நான் முதலில் கேட்பது, அந்தப் பணத்தில் இரவுக்கு ஒரு ஆளைக் கூடப் போட முடியுமா என்பதுதான்.

ஆள் இருந்தாலும் தீராத பாரம் ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

நம் பக்கத்தில் உயிர் வீட்டில் பிரிய வேண்டும் என்று நினைப்பவர்கள் நிறைய. வெளியில் போன உயிரை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்கிற ஊர்களும் உண்டு. இனி வாய்ப்பில்லை என்று டாக்டர் சொன்ன பிறகோ, கையில் இருந்த பணமெல்லாம் கரைந்த பிறகோ, “கடைசி மூச்சு வீட்டுல போகட்டும் சிஸ்டர்” என்று குடும்பத்தார் கேட்பார்கள். கையெழுத்து வாங்கி, ஆம்புலன்ஸில் ஏற்றி, கையால் மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்கை அமுக்கிக்கொண்டே ஒரு ஸ்டாஃப் கூடப் போவார்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், படிப்பு முடித்து வந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு பெண்ணை அப்படித் தனியாக அனுப்பினார்கள். ஐம்பது வயதுக்காரர், மூளையில் பெரிய ரத்தக்கசிவு. ஐந்தாறு விநாடிக்கு ஒரு முறை பேக்கை அமுக்கிக்கொண்டு மலையடிவாரத்துக் கிராமம் வரைக்கும் போயிருக்கிறாள். வாசலில் கட்டில் போட்டு வைத்திருந்தார்கள். ஊரே கூடியிருந்தது. பால் ஊற்ற வரிசையாக வந்தார்கள். வாயில் ட்யூப் இருக்கும்போது ஊற்ற முடியாது, உதட்டில் மட்டும் தொட்டு வையுங்கள் என்று ஒவ்வொருவருக்கும் அவள்தான் சொல்லியிருக்கிறாள், ஒரு கையால் பேக்கை அமுக்கிக்கொண்டே. கடைசி ஆள் வந்து போனதும் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள். சிரிஞ்சை வைத்து ட்யூபைச் சுற்றி உள்ளே இருக்கும் கஃப் என்ற சிறு பலூனில் இருந்த காற்றை இழுத்து, கன்னத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பிரிக்கும்போது, அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்த மகள் கேட்டாளாம், “அக்கா, இத எடுத்தா அப்பா போயிருவாரா?”

அவளும் திரும்பி வந்தாள். ஆம்பு பேக்கைக் கழுவி வைத்தாள். அவளுடைய மற்ற இரண்டு நோயாளிகளை அதுவரை பார்த்துக்கொண்ட ஸ்டாஃபிடமிருந்து ஓவர், அதாவது பொறுப்பு மாற்றும்போது சொல்லும் விவரம், வாங்கிக்கொண்டு டூட்டியைத் தொடர்ந்தாள். கொஞ்ச நாளில் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டாள். ஹாஸ்டலில் பெட்டி கட்டும்போது என்னிடம் சொன்னது இதுதான்: “எல்லாரும் சேந்துதான் முடிவு பண்ணாங்க சிஸ்டர். ஆனா எடுத்தது நான்.”

செய்ய வேண்டியது எது என்று தெரிந்தும் அமைப்பின் நெருக்கடியால் அதைச் செய்ய முடியாமல் போகும்போது செவிலியருக்கு வரும் தவிப்பை ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற அறிஞர் 1984-இலேயே எழுதியிருக்கிறார். அறநெறித் தவிப்பு என்று அதைச் சொல்லலாம். சோர்வு தூங்கினால் போகும். இது தூங்கினால் போகாது, ஏனென்றால் நான் செய்தது சரியா என்ற கேள்வி உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பெண்ணுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இப்போது நான் பொறுப்பில் இருக்கும் பிரிவில் இதற்கென்று சில ஏற்பாடுகள் செய்திருக்கிறோம். நோயாளியோடு வீட்டுக்குத் தனியாக யாரும் போவதில்லை. சீனியர் ஒருவர் கூடப் போவார், ட்யூபை எடுப்பது அவர்தான் அல்லது டூட்டி டாக்டர். கிளம்புவதற்கு முன்னால் டாக்டர் குடும்பத்தை உட்கார வைத்து, வீட்டில் என்ன நடக்கும், ட்யூபை எடுத்த பிறகு சில நிமிடமோ சில மணி நேரமோ ஆகலாம், இறப்புக்குக் காரணம் நோய்தான் என்று ஸ்டாஃப் காதில் விழவே சொல்வார். போய் வந்தவளுக்கு உடனே அடுத்த நோயாளியைக் கொடுப்பதில்லை, டீ குடிக்க அனுப்புவோம். அடுத்த நாள் ஆஃப். இவ்வளவுதான் ஏற்பாடு, பணம் காசு அதிகம் தேவைப்படாதது. இதற்கு மேல் மருத்துவமனைக்குள்ளேயே முறையாக முடிவெடுக்கிற வழியும் இருக்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும், 2023-இல் அதன் நடைமுறையை எளிதாக்கிய உத்தரவும், இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து, குடும்பத்தின் சம்மதத்தோடு உயிர்காப்புக் கருவியை விலக்க இடம் தருகின்றன. முடிவு எழுத்தில் பலர் பெயரில் இருக்கும்போது, எடுத்தது நான் என்று ஒருத்தி மட்டும் சுமந்துகொண்டு அலைய வேண்டியதில்லை. அது இன்னும் பெரும்பாலான இடங்களில் நடைமுறைக்கு வரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

மூளைச்சாவு அடைந்தவரைப் பார்த்துக்கொள்வது வேறு மாதிரி. சட்டப்படி நான்கு டாக்டர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து உறுதி செய்கிறது. குடும்பம் உறுப்பு தானத்துக்குச் சம்மதித்துவிட்டால், அந்த நேரமெல்லாம் பி.பி. இறங்காமல், உடம்பு குளிர்ந்து போகாமல், சிறுநீர் சரியாகப் பிரியும்படி காப்பாற்றிக்கொண்டிருப்பது நாங்கள். கருவிழிக்காகக் கண்ணை மூடி ஈரமாக வைத்திருப்போம். இறந்துவிட்டார் என்று தெரியும், ஆனால் கை சூடாக இருக்கும், மானிட்டரில் இதயம் ஓடிக்கொண்டிருக்கும். புரட்டும்போது “தம்பி, கொஞ்சம் திருப்பிப் படுக்க வைக்கிறேன்பா” என்று சொல்லாத ஸ்டாஃபை நான் பார்த்ததில்லை. 2023 செப்டம்பரிலிருந்து தமிழ்நாட்டில் உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதை உண்டு. அதிகாரிகள் வந்து மலர்வளையம் வைக்கிறார்கள், நல்ல காரியம். ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் அப்போது அடுத்த நோயாளிக்குப் படுக்கை விரித்துக்கொண்டிருப்பாள். அவளை ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரை ஸ்ட்ரெச்சரோடு போகச் சொல்ல வேண்டும் என்று நாங்கள் வழக்கமாக்கியிருக்கிறோம். உறுப்பு யாருக்குப் போனது என்று சொல்லக் கூடாது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்ற ஒரு வார்த்தையைக் கேட்டு வாங்கி அவளிடம் சேர்ப்பது என் வேலை.

மனதளவில் எரிந்து போவதற்கு மூன்று முகங்கள் உண்டு என்று கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-இல் வெளியான தம் அளவுகோலில் வகுத்திருக்கிறார். மனம் வற்றிப் போவது, எதிரில் இருப்பவரை ஆளாகப் பார்க்காமல் போவது, நான் செய்வதில் பிரயோஜனம் இல்லை என்று தோன்றுவது. இரண்டாவதைத்தான் நான் ஓவர் கொடுக்கும்போது காது கொடுத்துக் கவனிப்பேன். “அஞ்சாம் பெட் மோஷன் போயிருச்சு, எட்டு எக்ஸ்பயர்” என்று ஒரு நல்ல ஸ்டாஃப் பேச ஆரம்பித்தால் அவள் கல்நெஞ்சக்காரி ஆகிவிட்டாள் என்று அர்த்தமில்லை. வலிக்காமல் இருக்கத் தோலைத் தடித்துக்கொள்கிறாள். அவளை நான் திட்டுவதில்லை, லிஸ்டை எடுத்து எத்தனை நைட் தொடர்ந்து போட்டிருக்கிறேன் என்று பார்ப்பேன். ஓவரில் முதலில் பெயர், வயது, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் ட்யூபுக்கும் பம்புக்கும் போவோம். இது நோயாளிக்காக மட்டுமல்ல, எங்களுக்காகவும்தான்.

நின்றுபோன இதயத்தை மீட்க நெஞ்சை அமுக்கி சி.பி.ஆர். கொடுத்தும் ஒருவர் இறந்துவிட்டால் முன்பெல்லாம் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் ஓடுவோம். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜொனாதன் பார்ட்டெல்ஸ் என்ற செவிலியர், அந்த இடத்திலேயே எல்லோரும் ஒரு நிமிடம் அமைதியாக நிற்கும் வழக்கத்தைத் தொடங்கினார். அதை நாங்களும் எடுத்துக்கொண்டோம். இறந்தவரின் பெயரை ஒருவர் சொல்வார். டாக்டர், ஸ்டாஃப், ஆயாம்மா எல்லோரும் நிற்போம். சாமி கும்பிடுகிறவர்கள் மனசுக்குள் கும்பிட்டுக்கொள்வார்கள். அதன் பிறகு ட்யூபுகளை எடுத்து, உடம்பைத் துடைத்து, தாடையைக் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி, தாலியையும் தோட்டையும் எண்ணிக் குடும்பத்தாரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிற வேலை இருக்கிறது. அந்த வேலையைப் புதிதாக வந்த பிள்ளை தனியாகச் செய்யக் கூடாது என்பதில் நான் கண்டிப்பு. திரைக்குப் பின்னால் ஒரு சீனியர் கூடவே நின்று தண்ணீரைப் பிழிந்து கொடுத்தாலே அந்தப் பிள்ளைக்கு எவ்வளவோ தெம்பு.

சீனியரைப் பற்றிச் சொன்னது ஆராய்ச்சியிலும் வந்திருக்கிறது. கொலராடோவில் மெரிடித் மீலர் என்ற செவிலிய ஆய்வாளர், ஐ.சி.யூ. நர்ஸ்களில் தாங்கி நின்றவர்களையும் மன அதிர்ச்சி நோயால் பாதிக்கப்பட்டவர்களையும் பேட்டி எடுத்து 2012-இல் எழுதினார். தாங்கியவர்களிடம் காணப்பட்டவை தெய்வ நம்பிக்கை போன்ற ஓர் ஆன்மிகப் பிடிப்பு, மனம்விட்டுப் பேச ஆட்கள், நல்லது நடக்கும் என்ற எண்ணம், அதோடு பார்த்துக் கற்றுக்கொள்ள ஒரு முன்மாதிரி. நான்கில் இரண்டு இன்னொரு மனிதர் இருந்தால்தான் கிடைக்கும். சீனியர்கள் சவுதிக்கும் அயர்லாந்துக்கும் கிளம்பிப் போய்விட்டு, ஒரு ஷிஃப்ட் முழுக்கப் புதியவர்களே நிற்கும் ஐ.சி.யூ.க்களில் அந்த முன்மாதிரிக்கு எங்கே போவது?

அவர்கள் ஏன் போகிறார்கள் என்பதையும் ஒளிக்காமல் பேச வேண்டும். தனியார் மருத்துவமனை செவிலியர்களின் சம்பளத்தைப் பற்றி 2016-இல் உச்ச நீதிமன்றம் வழி காட்டியது. அதையொட்டி அமைந்த குழு, சிறிய மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. இன்றைக்கும் அதற்குக் கீழே வாங்குகிறவர்கள் ஏராளம். அரசுப் பக்கம் எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்கள் 2015-இல் 7,700 ரூபாயில் தொடங்கினார்கள், 2017 நவம்பரில் பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையில் டி.எம்.எஸ். என்கிற சுகாதாரத் துறை அலுவலக வளாகத்தில் உட்கார்ந்தார்கள். 2021 மே மாதம் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000-க்கு மேல் கொரோனா தொற்று பதிவானது, ஆம்புலன்ஸ்கள் வாசலில் வரிசையில் நின்றன. அந்தக் காலத்தில் பி.பி.இ. என்ற பாதுகாப்பு உடைக்குள் வியர்வையில் ஊறி நின்ற தற்காலிகச் செவிலியர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருடைய ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-உடன் முடிக்கப்பட்டது. போராடிய பிறகுதான் மாற்று வேலை பற்றிப் பேச்சு வந்தது. அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாதவளிடம் மனவுறுதியைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

இன்னொன்று, நாங்களே நினைத்தால் உடனே செய்யக் கூடியது. ஐ.சி.யூ.வில் இருக்கும் ஸ்டாஃபுகள், ஒரு நோயாளி குணமாகி நடப்பதைப் பார்ப்பதே இல்லை. கொஞ்சம் தேறியதும் வார்டுக்கு மாற்றிவிடுவோம், அதோடு சரி. எங்கள் கண் முன்னால் முடிவது சாவு மட்டும்தான். வருடக்கணக்கில் அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எதுவும் பிரயோஜனமில்லை என்று தோன்றாமல் என்ன செய்யும்? அதனால் வாரத்தில் ஒரு நாள், ஜூனியர் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வார்டுக்குப் போகிறேன், நாங்கள் மாற்றி அனுப்பியவர்களைப் பார்க்க. விஷம் குடித்து வந்து மூன்று வாரம் வென்டிலேட்டரில் கிடந்த ஒரு பையன், கட்டிலில் சம்மணம் போட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ராத்திரியெல்லாம் அவனுக்கு சக்‌ஷன் செய்த பிள்ளையை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் பேசியதும் குரல் தெரிந்தது. “நீங்கதான ‘கண்ணத் தொற தம்பி’ன்னு சொல்லிட்டே இருப்பீங்க?” என்றான். அவள் அவனுடைய அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அடுத்த வாரம் யார் வருகிறீர்கள் என்று நான் கேட்பதற்கு முன்னாலேயே அவள் பெயர் கொடுத்திருந்தாள்.

உங்கள் வீட்டில் யாராவது ஐ.சி.யூ.வில் கிடந்து மீண்டிருந்தால், அடுத்த முறை செக்கப்புக்கு வரும்போது மாடியேறி அந்தக் கதவு வரை வாருங்கள். ஸ்வீட் பாக்ஸ் வேண்டாம். பெயரையும் எந்த மாதம் இருந்தீர்கள் என்பதையும் சொன்னால் போதும், நாங்களே ஞாபகப்படுத்திக்கொள்வோம். முடிந்தால் நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். நைட் டூட்டிக்கு வருகிறவர்கள் படிக்கட்டும் என்று ஓவர் எழுதும் மேஜைக்கு மேலே ஒட்டி வைக்க இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.